எந்த நாட்டுப் படம், என்ன மாதிரிப் படம்

டிசம்பர் பிறந்தால் மயிலாப்பூர்க்காரர்கள் சிலருக்குக் கையில் இரண்டு அட்டவணைகள் வேண்டும். ஒன்று சபாக்களின் கச்சேரிப் பட்டியல். மற்றது 2003இலிருந்து இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் நடத்திவரும் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவின் பட்டியல். விழா அரங்குகள் ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறும். உட்லண்ட்ஸ், கேசினோ, தேவி, ராதாகிருஷ்ணன் சாலை சிட்டி சென்டரில் ஐநாக்ஸ், கஸ்தூரி ரங்கா சாலையில் ரஷ்ய கலாச்சார மையம் என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. வரிசையில் காதில் விழும் பேச்சு மட்டும் மாறவில்லை. "அடுத்து என்ன சார் பாக்கப்போறீங்க?" "ஈரான்." "நான் போலந்து போலாம்னு இருக்கேன். நேத்து ருமேனியா மிஸ் ஆயிடுச்சு." படத்தின் பெயரே வராமல் அரை மணி நேரம் படத்தைப் பற்றிப் பேச இவர்களால் முடியும்.

இதே மனிதர் பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு தியேட்டருக்குக் கிளம்பினால் வீட்டில் எழும் கேள்வி வேறு. படம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. என்ன மாதிரிப் படம்? பேய்ப் படமா, வெட்டுக்குத்தா, சிரிப்புப் படமா, பாட்டியைக் கூட்டிப்போகலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய சமூகம் இது. புராணப் படம், ராஜா ராணிப் படம், சமூகப் படம், மாயாஜாலப் படம், துப்பறியும் படம், குடும்பப் படம் என்று நம் தாத்தாக்கள் ஒரு முழு வகைப்பாட்டையே பேச்சு வழக்கில் வைத்திருந்தார்கள். அதற்குப் பாடப் புத்தகம் தேவைப்படவில்லை.

உலக சினிமாவை முறையாகப் படிக்க உட்காரும்போது மட்டும் முதல் கேள்வியை வைத்துக்கொண்டு இரண்டாவதை வாசலில் விட்டுவிடுகிறோம். அந்த இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி என்பது என் கட்சி.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது அழகியல் காரணமே அல்ல, படப்பெட்டி வந்த வழி. 1950களின் இறுதியில் சென்னையில் ஃபிலிம் சொசைட்டி இயக்கம் வேர்விட்டது. 1959இல் சத்யஜித் ராயைத் தலைவராகக் கொண்டு சொசைட்டிகளின் அகில இந்தியக் கூட்டமைப்பு உருவானபோது சென்னை சொசைட்டியும் அதில் இருந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும் காட்டினால் தணிக்கையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் படம் வேண்டுமே? வெளிநாட்டுப் படத்தை விலைகொடுத்து வாங்க எந்தச் சங்கத்திடமும் காசு இல்லை. தூதரகங்களும் அவற்றின் கலாச்சார மையங்களும் இலவசமாகக் கொடுத்தன. சோவியத் மையம், மாக்ஸ் முல்லர் பவன், அலியான்ஸ் ஃபிரான்சேஸ் எல்லாம் நகரின் நடுவிலேயே இருந்தன. தூதரகத்தின் வேலை தன் நாட்டைக் காட்டுவது. ஆகவே ஜெர்மன் பட வாரம், பிரெஞ்சுப் பட வாரம், ஹங்கேரியப் பட வாரம் என்று படங்கள் வந்தன. உலக சினிமா என்பது நாடு நாடாக அடுக்கிய அலமாரி என்ற எண்ணம் அப்படித்தான் நமக்குள் ஊறியது. சிறுபத்திரிகைகள் அந்த அலமாரியில் நாட்டுக்குக் கீழே இன்னொரு தட்டு வைத்தன: இயக்குநர் பெயர். பெர்க்மன், கோதார், தார்கோவ்ஸ்கி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தப் பெயர்கள் இல்லாமல் என் தலைமுறைக்குக் கண் திறந்திருக்காது. ஆனால் அந்த அலமாரியில் தமிழ்ப் படத்துக்குத் தட்டே இல்லாமல் போயிற்று. 'நாடோடி மன்னன்' எந்தத் தட்டில் போகும்? 'மாயா பஜார்'? ஒன்றிலும் போகாது. எனவே அவை உலக சினிமா அல்ல, வெறும் சினிமா என்று முடிவாயிற்று. தமிழ் அறிவுலகம் சினிமாவை எத்தனை பத்தாண்டுகள் தீண்டாமல் ஒதுக்கிவைத்திருந்தது என்று சினிமா வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். அந்த ஒதுக்கலின் இரண்டாம் பாகம் இது.

'என்ன மாதிரிப் படம்' என்ற வகைமை வழியே பார்த்தால் என்ன கிடைக்கும் என்று காட்ட எனக்குத் தெரிந்த மிக நல்ல உதாரணம் ஒரு வீணை வித்வான் எடுத்த படம்.

எஸ். பாலசந்தர் ஒரு திரைப்பட விழாவில் குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) பார்த்தார். அதன் தாக்கத்தில் ஒரு கதை எழுதினார். ஏவி.எம். தயாரிப்பில், ஜாவர் சீதாராமனின் எழுத்தில் அது 1954இல் 'அந்த நாள்' ஆக வந்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதில் இன்னும் பெரிய துணிச்சல்கள் இருக்கின்றன. படம் தொடங்கி மூச்சு விடுவதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சரிந்து விழுகிறார். கதாநாயகனைத் தொடக்கத்திலேயே கொன்றுவிட்டு, அவன் யார் என்று தேடப் போகிறது படம். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட இரவு அது. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் பாதி நகரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிராமங்களுக்கு ஓடியிருந்தது. வந்த விலைக்கு வீட்டை விற்றவர்களின் கதைகள் மயிலாப்பூரில் இன்றும் உலவுகின்றன. அந்தப் பீதி அடங்கிப் பதினோரு ஆண்டுகளில், ஒரு ஜப்பானியப் படத்தின் உந்துதலில், ஜப்பானை எதிரியாக வைத்து ஒரு தமிழ்ப் படம். சினிமா எப்படி எல்லை தாண்டுகிறது என்பதற்கு இதைவிட விசித்திரமான சாட்சி கிடையாது.

'அந்த நாள்' ராஷோமோனின் தழுவல் என்பது வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கப்படுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அந்த வாய்ப்பாடு நிற்காது. ராஷோமோனில் சாட்சி சொல்லும் கொள்ளைக்காரன், மனைவி, ஆவியாகப் பேசும் சாமுராய் மூவருமே சாவைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்கிறார்கள். கொள்ளைக்காரன் வீரமாகச் சண்டையிட்டுக் கொன்றதாகச் சொல்கிறான், மனைவி தன் கையில் இருந்த கத்தியைக் காட்டுகிறாள், செத்தவனோ தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். மானத்துக்காகப் பழியை ஏற்கும் உலகம் அது. கடைசிவரை உண்மை கையில் சிக்குவதில்லை. 'அந்த நாள்' நேர் எதிர். தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, பக்கத்து வீட்டுக்காரர் என்று விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் இன்னொருவர் மேல் விரல் நீட்டுகிறார்கள். நான் இல்லை, அவனைக் கேளுங்கள். இது நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தின் குரல். நகர வாசல் இடிபாட்டுக்குக் கீழே மழையில் உட்கார்ந்து பேசுகிறவர்களின் குரல் அல்ல. கட்டமைப்பில் இது 1950இலேயே வந்த ஆந்தனி அஸ்க்வித்தின் பிரிட்டிஷ் படமான 'தி வுமன் இன் குவெஸ்சன்' படத்துக்கு இன்னும் நெருக்கம். அதில் கொலையுண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஐந்து பேர் போலீஸிடம் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். விசாரணை முடிகிறது, உண்மை வெளியாகிறது.

பல வாய்மொழிகளின் வழியே ஒரு கொலையைச் சுற்றிவரும் இந்த வகைமைக்குள் தமிழ்ப் படம் எதைக் கொண்டுவந்து வைத்தது? ஒரு மனைவியை. சிவாஜி நடித்த ராஜன் ரேடியோ என்ஜினீயர். தன் கண்டுபிடிப்பை நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் எதிரிக்கு ரகசியம் விற்கிறான். அவன் உயிரை எடுக்கும் குண்டு, தேசபக்தையான மனைவி உஷாவின் கையில் இருந்த துப்பாக்கியிலிருந்து வருகிறது. பண்டரிபாய் நடித்த அந்தப் பாத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டே 'கணவனே கண்கண்ட தெய்வம்' என்ற பெயரில் ஒரு படம் இங்கே சக்கைப்போடு போட்டது. அப்படிப்பட்ட ஊரில், கணவனைவிட நாடு பெரிது என்று ஒரு குடும்பப் பெண் நிற்கிறாள். 'மதர் இந்தியா'வில் தாய் மகனைச் சுட்டது 1957இல், அதாவது மூன்று ஆண்டு கழித்து. ராஷோமோனின் முடிவற்ற சந்தேகம் இங்கே ஏன் ஒட்டவில்லை என்பதும் இதில் தெரிகிறது. சுதந்திரம் கிடைத்து ஏழே வருடமான நாட்டுக்குத் துரோகி யார் என்று திட்டவட்டமாகத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இதைப் பாலசந்தரின் தோல்வி என்றும் சொல்லலாம், தேர்வு என்றும் சொல்லலாம். தேர்வு என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் வெளியீட்டில் படம் ஓடவில்லை, தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது, பிற்பாடு மறுவெளியீடுகளில்தான் பெயர் வந்தது.

பாலசந்தர் அதோடு நிறுத்தவில்லை. 'பொம்மை'யில் (1964) வெடிகுண்டு வைத்த ஒரு பொம்மை கைமாறிக் கைமாறிச் சென்னை முழுக்கச் சுற்றுகிறது. 'நடு இரவில்' (1970) அகதா கிறிஸ்டியின் நாவலைத் தழுவியது, ஒரு பங்களாவில் கூடிய உறவினர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அவர் வகைமையில் யோசித்த மனிதர். ராகத்தின் எல்லைக்குள் நின்று புதிது தேடிப் பழகிய கைக்கு அது இயல்பாக வந்திருக்கலாம்.

இனி நம் ஊரின் தேசிய விளையாட்டுக்கு வருகிறேன். சுட்ட படம் எது என்று கண்டுபிடிப்பது. படம் வந்த வெள்ளிக்கிழமை மாலையே மூலப் படத்தின் பெயர் வாட்ஸப்பில் சுற்றிவிடும். கண்டுபிடித்தவர் முகத்தில் திருடனைப் பிடித்த பெருமை. அத்தோடு படத்தைப் பற்றிய பேச்சும் முடிந்துவிடும். உரிமம் வாங்காமல் எடுத்தால் அது திருட்டுதான், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. செர்ஜியோ லியோனி 'யோஜிம்போ'வை (1961) எடுத்து 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' (1964) செய்தபோது குரோசாவாவின் தரப்பு வழக்குப் போட்டு உலக வசூலில் 15 சதவீதம் வாங்கியது. நியாயம். ஆனால் வழக்கு தீர்ந்த பிறகும் பேச வேண்டியது மிச்சம் இருக்கிறது. மேலை நாட்டுக் கௌபாய்ப் படங்களை நேசித்த ஜப்பானியரிடமிருந்து இத்தாலியர் ஒருவர் கடன் வாங்கி, ஸ்பெயினில் படம் பிடித்து, அமெரிக்கக் கௌபாயையே மாற்றிவிட்டார். அந்த அலை இங்கும் அடித்தது. ஒளிப்பதிவாளர் கர்ணன், ஜெய்சங்கரைக் குதிரையில் ஏற்றி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (இரண்டும் 1972) எடுத்தார். சட்டம் இன்னும் வந்துசேராத வெட்டவெளி அமெரிக்க வகைமைக்கு ஆதாரம். தமிழ் மண்ணில் அப்படி ஓர் இடம் கிடையாது, எங்கே பார்த்தாலும் கோயிலும் பட்டா நிலமும்தான். எனவே தொப்பி மட்டும் வந்தது, வெட்டவெளி வரவில்லை. அந்தப் படங்களின் ஒளிப்பதிவை மெச்சலாம், வகைமை வேர்பிடிக்கவில்லை. இந்தத் தீர்ப்பைச் சொல்லவும் வகைமை அறிவுதான் தேவைப்படுகிறது, மூலப் படத்தின் பெயர் அல்ல.

வேர்பிடித்த கதை 'புதிய பறவை'. 1958இல் மைக்கேல் ஆண்டர்சன் இயக்கத்தில் 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ' என்ற பிரிட்டிஷ் படம் வந்தது. 1963இல் உத்தம் குமார் நடிக்க அது வங்காளத்தில் 'சேஷ அங்க' ஆனது. 1964இல் சிவாஜி பிலிம்ஸ் தயாரித்து, தாதா மிராசி இயக்கி, ஆரூர்தாஸ் வசனம் எழுதி, தமிழில் வண்ணத்தில் வந்தது. ஆறு ஆண்டுகளில் மூன்று படங்கள், ஒரே முடிச்சு. இறந்துபோனதாக எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் உயிரோடு வந்து கதவைத் தட்டுகிறார். வீட்டுக்காரர் மட்டும் இது போலி என்று கதறுகிறார், யாரும் நம்புவதில்லை. போலிதான் என்று நிரூபிக்க ஒரே வழி, கொன்றது நான்தான் என்று ஒப்புக்கொள்வது.

பிரிட்டிஷ் படத்தில் சிக்கிக்கொள்வது ஒரு பெண். ஸ்பெயின் கடற்கரை மாளிகையில் தனியாக இருக்கும் வைர வியாபாரிக் குடும்பத்து வாரிசு, திரும்பி வருபவன் அண்ணன். 'ரெபக்கா', 'கேஸ்லைட்' என்று 1940களில் ஹாலிவுட் வளர்த்த ஒரு வகைமையின் பிள்ளை அது: பெரிய வீடு, தனியான பெண், அவள் புத்தியையே அவளுக்குச் சந்தேகமாக்கும் ஆண்கள். கல்கத்தாவில் அந்தப் பெண்ணின் இடத்தில் ஓர் ஆண் வந்து உட்கார்ந்தார். வருவது செத்த மனைவி. சென்னையில் அந்த ஆண் சிவாஜி ஆனார். இந்த ஒரு மாற்றத்தில் வகைமையே புரண்டு படுக்கிறது. சொத்து பின்னுக்குப் போய்க் குடும்ப மானம் முன்னுக்கு வருகிறது. சிங்கப்பூரில் குடித்து ஆடிய மனைவி, அதைத் தாங்க முடியாமல் இறந்துபோகும் தகப்பனார், அடித்த ஒரு அடியில் போன உயிர், ரயில் பாதையில் கிடத்திய உடல். கொலைகாரனின் மேல் நமக்கு இரக்கம் வரும்படி எல்லாம் அடுக்கப்பட்டிருக்கிறது.

ஒப்புக்கொள்ளும் காட்சியை மட்டும் தனியாகப் பாருங்கள். சௌகார் ஜானகி அசையாமல் நிற்கிறார். எம்.ஆர். ராதா வாயைத் திறந்தால் ஏளனம். சிவாஜி அறைக்குள் இங்கும் அங்கும் போகிறார், ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கெஞ்சுகிறார், கையை நீட்டுகிறார், மடக்குகிறார், உடைகிறார். உடைந்து எல்லாவற்றையும் கொட்டிய பிறகுதான் தெரிகிறது, காதலி லதா போலீஸ் அதிகாரி என்று. பிரிட்டிஷ் படம் அந்த இடத்தில் புத்திசாலித்தனமாக முடிந்துவிடுகிறது. தமிழ்ப் படம் அங்கிருந்துதான் அழத் தொடங்குகிறது. லதாவாக வரும் சரோஜா தேவியும் அழுகிறார். ஏமாற்றியவளும் ஏமாந்தவனும் ஒருவரை ஒருவர் உண்மையாகவே நேசித்திருக்கிறார்கள் என்பது தமிழ் சேர்த்த கனம்.

ஹாலிவுட்டில் அழுகைப் படம் என்பது பெண்களின் வகைமை. டக்ளஸ் சர்க் படங்களில் பெண்கள்தான் ஜன்னலோரம் நின்று கண்ணீர் விடுவார்கள். தமிழில் ஆண் அழுவான். 'பாசமலர்' (1961) அண்ணன் அழுதான், ஊரே அழுதது. உலக மெலோடிராமா வரலாற்றில் தமிழ் ஆணின் அழுகைக்கென்று ஒரு அத்தியாயம் ஒதுக்க வேண்டும். யார் எழுதுவார்கள்? நாடு வாரியாகப் பாடம் படித்தவருக்கு அது கண்ணில் படாது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். குடித்து ஆடிய மனைவி செத்தது பாதி நியாயம்தான் என்று பார்வையாளரை நினைக்கவைக்கிறது இந்தப் படம். அதை என்னால் மெச்ச முடியாது. இந்தக் கசப்பும் ஒப்பிட்டால்தான் துல்லியமாகத் தெரிகிறது, ஏனென்றால் மூலத்தில் அது இல்லை. இங்கே சேர்க்கப்பட்டது.

ராஜா ராணிப் படத்துக்குப் போவோம். தி. நகர் ஆற்காடு முதலி தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. உள்ளே கேடயங்கள், விருதுகள், 'அடிமைப் பெண்'ணில் (1969) நடித்த சிங்கம் பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குப் பின்னால். கண்ணாடிக் கண்களோடு அது இன்றைக்கும் வருகிறவர்களை முறைக்கிறது. சுற்றிப் பார்க்கிறவர்கள் அந்த வீட்டை அரசியல் நினைவிடமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அது ஒரு வகைமையின் அருங்காட்சியகம். வாள்வீச்சு, கோட்டை, மீசை வைத்த தளபதி, ஒரே முகம் கொண்ட இரண்டு பேர் என்ற வகைமை.

1894இல் ஆந்தனி ஹோப் எழுதிய 'தி பிரிசனர் ஆஃப் செண்டா' நாவலை 1937இல் ஹாலிவுட் படமாக எடுத்தது. முடிசூட வேண்டிய மன்னனை எதிரிகள் கடத்திவிட, அவன் ஜாடையில் இருக்கும் ஓர் ஆங்கிலக் கனவான் கொஞ்ச நாள் மன்னனாக நடிக்கிறான். நாட்டையும் காதலியையும் உரியவனிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறான். ஒழுங்கு குலையாமல் காப்பாற்றப்படுகிறது. 1958இல் எம்.ஜி.ஆர். தானே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' இந்த முடிச்சையே எடுத்தது. ஆனால் நாற்காலியில் அமரும் வீராங்கன் கனவான் அல்ல, மன்னராட்சியை எதிர்க்கும் கிளர்ச்சிக்காரன். உட்கார்ந்ததும் நடிப்பதில்லை, ஆளத் தொடங்குகிறான். மக்களுக்கான சட்டங்களை அடுக்கிக்கொண்டே போகிறான். தி.மு.க. தேர்தல் மேடையின் வாசகங்கள் ஒரு கற்பனை நாட்டின் அரண்மனையில் அறிவிப்பாகின்றன. ஒழுங்கைக் காப்பாற்றும் வகைமை ஒழுங்கைக் கவிழ்க்கும் வகைமை ஆயிற்று. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1977இல், அதே முகம் நிஜக் கோட்டைக்குள் முதலமைச்சராகப் போனது. உலகில் வேறெந்த நாட்டிலும் ஒரு படவகைமை இவ்வளவு தூரம் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இதை ஜப்பானோடும் கொரியாவோடும் சேர்த்து வைத்தால் இன்னும் சுவை. குரோசாவாவின் 'ககேமுஷா'வில் (1980) இறந்துபோன தலைவனுக்குப் பதிலாக ஒரு திருடனை உட்காரவைக்கிறார்கள். வேஷம் அவனைத் தின்றுவிடுகிறது, தூக்கியெறியப்பட்ட பிறகும் அவனால் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை. 2012இல் வந்த கொரியப் படம் 'குவாங்ஹே'வில் ஒரு கூத்தாடி பதினைந்து நாள் மன்னனாக நடிக்கிறான். வரி விஷயத்தில் ஏழைகளுக்காகப் பேசுகிறான், மந்திரிகளை மிரட்டுகிறான். 'நாடோடி மன்னன்' பார்த்த தமிழனுக்கு வசன வரி இல்லாமலே அந்தப் படம் புரியும். அடையாறு கிளப் கேட் சாலையில் இன்கோ மையம் இந்தியாவையும் கொரியாவையும் இணைக்கப் பல காரியங்கள் செய்கிறது. இந்த இரண்டு படங்களையும் ஒரே மாலையில் காட்டினால் வேறு உரையே தேவைப்படாது. வேஷம் போட்டவன் என்ன செய்வான்? இங்கிலாந்துக்காரன் திருப்பிக் கொடுக்கிறான், ஜப்பான்காரன் அழிகிறான், தமிழனும் கொரியனும் சட்டம் போடுகிறார்கள். ஏன் இப்படி என்று கேட்கத் தொடங்கினால் நான்கு நாட்டு அரசியலையும் படித்தாக வேண்டும்.

கல்யாணப் படம் என்று ஒரு வகைமையை மேலை நாட்டுப் பாடத்திட்டங்கள் இப்போது தனியாகவே பேசுகின்றன. ஆங் லீயின் 'தி வெட்டிங் பாங்க்வெட்' (1993), மீரா நாயரின் 'மான்சூன் வெட்டிங்' (2001) எல்லாம் அதில் வரும். உறவு கூடும், பந்தி நடக்கும், மூடிவைத்தது எல்லாம் வெளியே வரும். பனகல் பார்க் பட்டுக் கடைகளுக்கும் சுற்றுவட்டாரக் கல்யாண மண்டபங்களுக்கும் நடுவில் வாழ்கிறவர்களுக்கு இதில் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் தமிழ் சமூகப் படத்தில் கல்யாணம் பெரும்பாலும் கடைசி ரீலில் நிறுத்தப்படுவதற்காகவே வைக்கப்படும், படமே அதற்குள் நடப்பதில்லை. நம் ஆகச்சிறந்த கல்யாணப் படம் புராணத்துக்குள் ஒளிந்திருக்கிறது. கே.வி. ரெட்டியின் 'மாயா பஜார்' (1957). சூதாட்டத்தில் பாண்டவர்கள் சொத்தை இழந்ததும் பலராமர் வீட்டில் சம்பந்தம் கைமாறுகிறது. அபிமன்யுவுக்கு என்று பேசிவைத்த பெண் துரியோதனன் மகனுக்கு நிச்சயமாகிறாள். இதில் புராணம் எங்கே இருக்கிறது? மாப்பிள்ளை வீட்டு அந்தஸ்து இறங்கியதும் ஜாதகம் திரும்பி வருவது நம் தெருவில் நடப்பது. கடோத்கஜன் மணப்பெண் உருவில் வந்து மாப்பிள்ளையின் காலை மிதிக்கும்போது சாவித்திரியின் உடம்பில் ரங்காராவ் தெரிகிறார். அந்த நடிப்பை எந்த நாட்டு ஆள்மாறாட்டக் கல்யாண நகைச்சுவையோடும் தயங்காமல் வைக்கலாம். சமையலறையில் விருந்தை ஒருவனே விழுங்கித் தீர்ப்பதும் கல்யாண வீட்டுக்காரரின் ஆதி பயம்தான்.

பேய்ப் படத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, இப்போது எல்லாரும் எழுதுகிறார்கள். ஒன்றே ஒன்று. ஜப்பானின் 'ரிங்கு'வில் (1998) தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து பேய் வெளியே வந்தது. அமெரிக்காவின் 'போல்டர்ஜெய்ஸ்ட்'டில் (1982) கல்லறை மேல் கட்டிய வீடு, அதிலும் தொலைக்காட்சிதான் வாசல். விக்ரம் குமாரின் 'யாவரும் நலம்' (2009) இரண்டையும் அறிந்த படம். ஆனால் அதன் பயம் மெகா சீரியலில் இருக்கிறது. கூட்டுக்குடும்பம் கூடிச் சேர்த்த காசிலும் கடனிலும் வாங்கிய புது ஃபிளாட்டில், மதியம் பெண்கள் பார்க்கும் குடும்பத் தொடரில் வருவதெல்லாம் அந்த வீட்டிலேயே நடக்கிறது. மற்ற ஊர்களில் பேய் வெளியிலிருந்து வருகிறது. இங்கே அது ஏற்கெனவே தினமும் ஒரு மணிக்கு வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கிறது, நாமும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

எதிர்வாதம் உண்டு. வகைமை என்று ஆரம்பித்தால் எல்லாப் படமும் சூத்திரமாகிவிடும், ஹாலிவுட் அளவுகோலே உலக அளவுகோலாகிவிடும் என்பார்கள். 'ஜானர் மிக்ஸிங்' என்று யூடியூபில் பேசுகிறவர்களைக் கேட்டால் அந்தப் பயம் நியாயம் என்றே தோன்றுகிறது. வகைமைக்குள் அடங்காத படங்களும் இங்கே எடுக்கப்பட்டிருக்கின்றன. தரமணியில் இருந்தும் அடையாறு இன்ஸ்டிட்யூட் என்றே பெயர்பெற்ற திரைப்படக் கல்லூரியில் படித்து வந்த ருத்ரய்யா 1978இல் எடுத்த 'அவள் அப்படித்தான்' எந்த வகை? காதல் படமா? காதலைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பற்றிய படம். அதை நான் எந்தத் தட்டிலும் வைக்க மாட்டேன். ஆனால் அது எதை மறுத்து எழுந்தது என்று சொல்ல, மறுக்கப்பட்ட குடும்பப் படத்தைத் தெரிந்திருக்க வேண்டும். வகைமையை அறியாதவரால் அதை மீறியவரை அடையாளம் காண முடியாது.

ஆராய்ச்சிக்கு வேண்டிய பொருளும் பக்கத்திலேயே இருக்கிறது. தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் சேகரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. சாணித் தாளில் அச்சான சின்னச் சின்னப் புத்தகங்கள். முதல் பக்கங்களில் நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், கதை சூடுபிடிக்கும் இடத்தில் மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று ஒரு வரி. எந்த வகைப் படத்தில் கதையை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று பார்ப்பதே ஓர் ஆய்வு. துப்பறியும் படத்தின் சுருக்கம் சீக்கிரம் நின்றுவிடும், பக்திப் படத்தில் கடவுள் பிரத்தியட்சமாகும்வரை போனாலும் யாருக்கும் நஷ்டமில்லை, கதை எல்லாருக்கும் தெரிந்ததுதானே. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடும் காட்சித் தகவலியல் மாணவர்கள் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

சென்னையில் திரைப்படச் சங்கம் நடத்துகிறவர்களுக்கும் கல்லூரிகளில் சினிமா ரசனை வகுப்பு எடுக்கிறவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வருடத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாடுகளிடமிருந்து மீட்டுக்கொடுங்கள். காலையில் 'சேஸ் எ குரூக்கட் ஷேடோ', சாப்பாட்டுக்குப் பிறகு 'சேஷ அங்க', மாலையில் 'புதிய பறவை'. முன்னுரை வேண்டாம், படங்கள் முடிந்தபின் அரை மணி நேரம் பேசினால் போதும். வருகிறவர்கள் 'புதிய பறவை'யை ஏற்கெனவே நான்கு முறை பார்த்திருப்பார்கள், பரவாயில்லை. மூன்றும் சேர்த்து ஆறு ஆறரை மணி நேரம்தான், கடைசிப் பஸ்ஸுக்குள் எல்லாரும் வீடு போய்ச் சேரலாம்.